பந்து மலைப்பாம்பின் நிறம்: எது இயற்கை, எது விற்பனைப் பேச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் பாம்புக் குட்டிகள் பிடிபட்டதாக விமான நிலையங்களிலிருந்து அடிக்கடி செய்தி வருகிறது. அவற்றில் பெரும்பாலும் இடம்பெறுவது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ‘பால் பைத்தான்’ எனும் பந்து மலைப்பாம்பு. மஞ்சள், வெள்ளை, சாம்பல் என்று பல நிறங்களில் இருப்பதால் செய்திகளில் ‘அரிய வகைப் பாம்புகள்’ என்றும், ‘மரபணு மாற்றம் செய்யப்பட்டவை’ என்றும், ‘வெளிச்சந்தையில் பல லட்சம் மதிப்பு’ என்றும் எழுதப்படுகிறது. இந்த மூன்றும் வாசகர்களைத் தவறான பக்கம் திருப்பிவிடுகின்றன. ஆசையில் வாங்கி ஏமாறுபவர்களும் உண்டு, வாங்கிய உயிரைக் கெடுப்பவர்களும் உண்டு. அதனால் இந்த நிறங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இவை பல வகைப் பாம்புகள் அல்ல. ஒரு பெட்டியில் பத்து நிறத்தில் பத்துக் குட்டிகள் இருந்தாலும் அத்தனையும் ஒரே இனம்தான்: பைத்தான் ரீஜியஸ். மேற்கே செனகல் தொடங்கிக் கிழக்கே உகாண்டா வரையுள்ள புல்வெளிகளும் காட்டோரங்களும் விளைநிலங்களும் இதன் வாழிடம். பகலில் எலி வளைகளிலும் பழைய கரையான் புற்றுகளிலும் ஒடுங்கிக் கிடந்து இரவில் இரை தேடும். அச்சம் வந்தால் தலையை உள்ளே வைத்து உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். நம் காடுகளில் உள்ள மலைப்பாம்பைப் போல இது பெரிதாக வளராது. வளர்ந்த பெண் பாம்பே நான்கைந்து அடி நீளத்தோடு நின்றுவிடும். எடை பெரும்பாலும் இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும்.

காட்டில் இதன் நிறம் என்ன? அடர்பழுப்பு அல்லது கருப்புத் தரை. அதன்மேல் விலாப் பக்கங்களில் வெளிர் பழுப்பு அல்லது பொன்னிறத் திட்டுகள். ஒவ்வொரு திட்டுக்குள்ளும் ஓரிரு கரும்புள்ளிகள். தலைக்கு மேல் கருந்தொப்பி போட்டாற்போல் ஒரு பகுதி. மூக்கிலிருந்து கண் வழியாகக் கழுத்து வரை ஒரு வெளிர்கோடு. வயிறு வெள்ளை. காய்ந்த புல்லுக்கும் நிழலுக்கும் நடுவே கிடந்தால் அருகில் நின்றாலும் தெரியாது. வளர்ப்பவர்கள் இதை ‘நார்மல்’ என்கிறார்கள்.

இந்த நார்மலுக்குள்ளேயே வேறுபாடு மிக அதிகம். பலரும் ஏமாறும் இடம் இதுதான். ஒரே தாய் இட்ட ஆறு முட்டைகளில் ஒரு குட்டியின் திட்டு வைக்கோல் நிறத்தில் இருக்கும். இன்னொன்றில் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். ஒன்றுக்கு முதுகில் கழுத்து முதல் வால் வரை வெளிர்கோடு ஓடும். அடுத்ததற்கு அது துண்டுதுண்டாக அறுந்திருக்கும். சிலவற்றில் வயிற்று வெள்ளை தீக்கொழுந்து போல விலாவில் ஏறியிருக்கும். சிலவற்றில் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பட்டையாகும். ஒரே பாம்பின் இடப்பக்கக் கோலமும் வலப்பக்கக் கோலமும் கூட ஒத்துப்போகாது. இவை எதுவும் தனி மார்ஃப் (சந்ததிக்குக் கடத்தப்படும் தனி நிற வடிவம்) அல்ல. சிறுசிறு விளைவுள்ள பல மரபணுக்கள் சேர்ந்து தரும் வேறுபாடுகள் இவை. பளிச்சென்ற இரண்டை இணைத்தால் குட்டிகள் கொஞ்சம் பளிச்சென்று வரலாம். ஆனால் பாதிக்குப் பாதி, நாலில் ஒன்று என்ற தெளிவான பிரிவு அதில் வராது.

முட்டை இருக்கும் சூடும் கோலத்தை மாற்றும். அடைகாக்கும் பெட்டியில் 31 முதல் 32 டிகிரி செல்சியஸ் நிலையாக இருந்தால் 55 முதல் 60 நாளில் குட்டிகள் வெளிவரும். கருவில் கோலம் உருவாகும் காலத்தில் சூடு ஏறி இறங்கினால், குறிப்பாக 33, 34 டிகிரிக்கு மேல் போனால், முதுகில் நீளக்கோடு, சிதறிய திட்டு போன்ற விநோதங்கள் தோன்றும். கூடவே முதுகெலும்பு வளைவதும் உண்டு. இப்படிப் பிறந்த கோடு அந்தக் குட்டியோடு முடிந்துவிடும். அதன் சந்ததிக்குப் போகாது. மின்வெட்டு உள்ள ஊர்களில் மாற்று மின் ஏற்பாடு இல்லாமல் அடைவைப்பவர்களிடம் இத்தகைய குட்டிகள் கிடைப்பதில் வியப்பில்லை. அவற்றைப் ‘புது மார்ஃப்’ என்று கூடுதல் விலைக்கு விற்பதுதான் தவறு. (நம்நாட்டு மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிப் படுத்து, தசையைத் துடிக்கவைத்துச் சூடு உண்டாக்கும். பந்து மலைப்பாம்பும் சுற்றிப் படுக்கும்; ஆனால் அதன் முக்கிய வேலை முட்டையின் ஈரத்தைக் காப்பது. சூட்டுக்கு அது வளையின் கதகதப்பையே நம்பியிருக்கிறது.)

வயதும் நிறத்தை மாற்றும். முட்டையிலிருந்து வரும்போது குட்டி 50 முதல் 65 கிராம் எடையோடு, கருப்பும் பொன்னும் வெட்டிவைத்தாற்போல் இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் கருப்பு பழுப்பாகும், பொன் மங்கும். பாஸ்டல் எனும் மஞ்சள் மார்ஃபும் இப்படித்தான் வயதேற ஏற மங்குகிறது. பனானா எனும் மார்ஃபில் வளர வளரக் கரும்புள்ளிகள் தெளித்தாற்போல் தோன்றும், அது நோயல்ல. மஞ்சள் நிறமி இல்லாத ஆக்சாந்திக் குட்டிகள் வெள்ளி, கருப்பு என்று பிறந்தாலும், சில பரம்பரை வழிகளைச் சேர்ந்தவை வளர்ந்ததும் பழுப்பேறிவிடும். எனவே குட்டிப் படத்தைக் காட்டி விலை பேசுபவரிடம் அதன் தாய், தந்தையின் இப்போதைய படத்தைக் கேட்பதே சரியான கேள்வி.

அடுத்தது சட்டை உரிக்கும் காலம். உரிப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே உடல் மங்கும். வயிறு முழுக்க ஒரே சீராக இளஞ்சிவப்பு ஏறும். பிறகு கண் நீலம் பாரித்துப் புகைபடிந்தாற்போல் ஆகும். சில நாளில் கண் தெளியும். அதன்பின் இரண்டு முதல் நான்கு நாளில் சட்டை கழலும். இந்த நாட்களில் எடுத்த படத்தை ‘சாம்பல் மார்ஃப்’ என்று விற்கிறார்கள். சட்டை உரித்த மறுநாள் எடுத்த படத்தை ‘ஹை கான்ட்ராஸ்ட்’ என்கிறார்கள். இரண்டும் ஒரே பாம்பாக இருக்கலாம். மஞ்சள் பல்பின் கீழ் எந்த நார்மலும் பாஸ்டல் போலத் தெரியும். நிறம் பார்க்க வேண்டுமானால் சட்டை உரித்து ஒரு வாரத்துக்குள், பகலில், நேர்வெயில் படாத நிழலில், வெள்ளைக் காகிதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். படத்தில் அந்தக் காகிதம் வெள்ளையாகத் தெரியவில்லை என்றால் பாம்பின் நிறத்தையும் நம்ப வேண்டாம்.

இளஞ்சிவப்பு வயிற்றைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். சட்டைக்கு முன் வரும் சிவப்பு வயிறு முழுவதும் பரவியிருக்கும்; உரித்ததும் மறையும். அதுவே அங்கங்கே திட்டாக, செதிலின் ஓரம் சிவந்து, நீர்க்கொப்புளத்தோடு, உரித்த பிறகும் நீடித்தால் அது செதில் அழுகல். நனைந்த தரையிலேயே பாம்பு கிடப்பதுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். முற்றினால் இரத்தத்தில் நஞ்சேறிப் பாம்பு இறந்துவிடும். வெப்பத்தட்டில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாததால் வெந்துபோன இடம் முதலில் பழுப்பாகும். ஆறிய பின் சிலவேளை வெளுத்த தழும்பாக நிற்கும். அதைப் ‘பைட்’ என்று சொன்னால் நம்பிவிடக் கூடாது. பைபால்ட் எனும் மார்ஃபில் வெள்ளைச் செதில்களும் பக்கத்துச் செதில்களைப் போலவே ஒழுங்காக, வழவழப்பாக இருக்கும். தழும்பில் செதில் நெளிந்தும் குறுகியும் இருக்கும். விரலால் தடவினாலே தெரியும்.

இனி உண்மையான மார்ஃபுகள். ‘மரபணு மாற்றம்’ என்றதும் ஆய்வகத்தில் ஊசி போட்டுச் செய்தது என்ற எண்ணம் வருகிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அடிப்படை மார்ஃபுகளில் பெரும்பாலானவை காட்டிலேயே தற்செயலாகத் தோன்றிய திரிபுகள். கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து பல ஆண்டுகளாக ஏற்றுமதியான பாம்புகளுக்கு நடுவே ஒன்றிரண்டு வித்தியாசமாக வந்தன. அவற்றை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்ப்பவர்கள் வாங்கி இனப்பெருக்கம் செய்து, நிறம் சந்ததிக்குப் போகிறதா என்று சோதித்தார்கள். அல்பினோ இப்படி நிரூபணமானது 1992-இல்; பைபால்ட் 1997-இல். பிறகு வந்த ஆயிரக்கணக்கான பெயர்கள் இத்தகைய சில அடிப்படைத் திரிபுகளின் சேர்க்கைகளே. வெள்ளைப் பாம்பு காட்டில் பிறந்தாலும் பருந்துக்கும் கீரிக்கும் உடனே தெரிந்துவிடும் என்பதால் நீடிப்பதில்லை. கூண்டில் நீடிக்கிறது, நிறம் பெருகியது அதனால்தான்.

உடலில் நடப்பதையும் சொல்கிறேன். கருப்பும் பழுப்பும் மெலனின் தருபவை. மஞ்சளுக்கு வேறு நிறமிச் செல்கள் இருக்கின்றன. மெலனின் உருவாக டைரோசினேஸ் எனும் நொதி தேவை. அதற்கான மரபணு பழுதானால் கருப்பு போய் மஞ்சள் மட்டும் மிஞ்சும், கண் சிவக்கும். அதுவே அல்பினோ. லாவெண்டர் அல்பினோவும் பார்வைக்கு அதன் உறவுபோல இருக்கும்; ஆனால் அதில் பழுதானது ‘ஓ.சி.ஏ. 2’ எனும் வேறொரு மரபணு. எனவே அல்பினோவையும் லாவெண்டர் அல்பினோவையும் இணைத்தால் குட்டிகள் அத்தனையும் நார்மலாகவே பிறக்கும். இரண்டு ‘வெள்ளை’யைச் சேர்த்தும் பழுப்பு வந்துவிட்டதே, விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகத் தேவையில்லை. ஆக்சாந்திக்கிலும் ஒன்றோடொன்று சேராத தனித்தனி பரம்பரை வழிகள் உள்ளன. எந்த வழி என்று கேட்டு எழுதிவாங்காமல் ஜோடி சேர்ப்பது வீண். பைபால்டில் டிஃபெக் எனும் மரபணுவின் பழுதால் சில இடங்களில் நிறமிச் செல்களே இருப்பதில்லை. வெள்ளை எவ்வளவு இருக்கும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். முக்கால்வாசி வெள்ளையான பெற்றோருக்கு ஒரு வளையம் மட்டும் வெள்ளையான குட்டியும் பிறக்கும்.

மறைந்து நிற்கும் மரபணுவைக் காட்டி நடக்கும் வியாபாரம்தான் பெரிது. ஒவ்வொரு மரபணுவிலும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு பிரதிகள் வரும். அல்பினோ, பைபால்ட், க்ளவுன் ஆகிய மார்ஃபுகள் பழுதான பிரதி இரண்டு இருந்தால்தான் வெளியே தெரியும்; இவை மறைநிலை மார்ஃபுகள். அத்தகைய பிரதி ஒன்று மட்டும் உள்ள பாம்பை ‘ஹெட்’ என்பார்கள், பார்வைக்கு நார்மல்தான். இரண்டு ஹெட்டை இணைத்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நிறம் தெரிய வாய்ப்பு நாலில் ஒன்று. ஆறு முட்டை இட்டு ஆறும் நார்மலாகப் போகும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம். அதாவது ஐந்தாறு பேரில் ஒருவருக்கு அப்படி நேரும். அந்த ஜோடியின் நார்மல் குட்டிகளை ‘66 சதவீத ஹெட்’ என்று விற்பார்கள். மூன்றில் இரண்டு குட்டிகள் ஹெட்டாக இருக்கும் என்பதே அதன் பொருள். ஒரு குட்டியின் உடலில் 66 சதவீதம் அல்பினோ இருக்கிறது என்பதல்ல. உண்மையா என்று அறிய அதை நிறம் வெளிப்பட்ட பாம்போடு இணைக்க வேண்டும். ஒரு குட்டி நிறத்தோடு வந்தாலும் போதும், ஹெட் உறுதி. ஆறு குட்டியும் நார்மல் என்றால், அது ஹெட்டாக இருந்தும் அப்படி நேர்ந்திருக்க 64-இல் ஒரு வாய்ப்புத்தான். பெண் பாம்பு சுமார் 1,500 கிராம் எடையைத் தொட இரண்டு மூன்று வருடம் ஆகும். அதன்பிறகும் வருடத்துக்கு ஒரு முறைதான் முட்டையிடும். ‘போன வருடம் கண்டுபிடித்த புது மறைநிலை மார்ஃப்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன் வையுங்கள்.

பாஸ்டல், மோஹாவே, லெஸ்ஸர் போன்றவை ஒரு பிரதியிலேயே தெரியும். இரண்டு பிரதி வந்தால் தோற்றம் வேறாகிவிடும். லெஸ்ஸர் ஒரு பிரதியில் வெளிர் பழுப்பு. இரு பிரதியில் தூய வெள்ளை உடலும் நீலக் கண்ணும். செய்திகளில் ‘அபூர்வ வெள்ளைப் பாம்பு’ என்று வருவது பலமுறை இதுதான். வளர்ப்பில் இது அபூர்வமே இல்லை.

மிகுந்த வருத்தத்தோடு எழுதும் பகுதி இது. ஸ்பைடர் எனும் மார்ஃப், 1999-இல் நிரூபிக்கப்பட்ட ஒரே ஒரு காட்டுப் பாம்பின் வழித்தோன்றல். மெல்லிய கருங்கோடுகள் வலைபோல் ஓடும், பார்க்க அழகு. ஆனால் அந்த மரபணு உள்ள பாம்பின் உட்காது சரியாக உருவாவதில்லை. சமநிலை காக்கும் அரைவட்டக் குழல்களும் பைகளும் கோணலாக இருப்பதை 2022-இல் வெளியான ஆய்வு ஊடுகதிர்ப் படங்களால் காட்டியது. தலை ஆடும், ஒரு பக்கம் சாயும், திருகிக்கொள்ளும். இரையைக் குறிவைத்தால் தவறும். மல்லாத்தினால் திரும்ப முடியாமல் தடுமாறும். நல்ல பராமரிப்பால் இதைக் குணமாக்க முடியாது. பம்பிள்பீ, கில்லர்பீ, ஹனிபீ, ஸ்பின்னர் என்ற பெயர்களில் ஸ்பைடர் என்ற சொல்லே இராது. உள்ளே அந்த மரபணு இருக்கும். வாங்குபவர் இந்த நான்கு பெயரையாவது நினைவில் வைக்க வேண்டும். ஷாம்பெயின் மார்ஃபிலும் இதே தள்ளாட்டம் உண்டு. கேரமல் அல்பினோவில் முதுகெலும்பு வளைவும், டெசர்ட் பெண் பாம்புகளில் முட்டையிட முடியாமல் தவிப்பதும் அறியப்பட்டவை. நிறத்துக்காக இவற்றைத் தொடர்ந்து பெருக்குவது கொடுமை என்பதே என் கருத்து.

சட்ட நிலையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து மலைப்பாம்பு, வன உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காவது அட்டவணை இத்தகைய வெளிநாட்டு இனங்களுக்கானது. வைத்திருப்பவர் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். கைமாற்றுவதையும் குட்டி பிறப்பதையும் தெரிவிக்க வேண்டும். நிறம் எதுவானாலும் விதி ஒன்றுதான். ‘இது மார்ஃப், சட்டத்தில் வராது’ என்று விற்பனையாளர் சொல்வது பொய். பதிவுக்கு ஒரு நடைமுறை யோசனை: தலையின் மேற்பகுதி, இரு விலா, வயிறு என நான்கு படங்களைச் சட்டை உரித்த பின் எடுத்து வையுங்கள். நிறம் மங்கினாலும் திட்டுகளின் கோலம் ஆயுள் முழுக்க மாறாது. அந்தப் பாம்புக்கு அதுவே அடையாளம். நம்நாட்டு மலைப்பாம்பு முதல் அட்டவணையில் உள்ளது. அதை வீட்டில் வைத்திருப்பது எந்தப் பதிவாலும் சட்டப்படி ஆகாது.

பராமரிக்க முடியவில்லை என்று யாரும் இவற்றை ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ விட்டுவிடக் கூடாது. வளர்ப்பு மலைப்பாம்புகளில் மூச்சுக்குழாயைத் தாக்கும் நிடோவைரஸ் காணப்படுகிறது. வெளியே தெரியாமல் பல மாதம் உடலில் இருக்கும். அது நம் மலைப்பாம்புகளுக்குப் பரவ நாமே வழி செய்துவிடக் கூடாது. அதே போல், தோட்டத்தில் பழுப்புத் திட்டுள்ள பருத்த பாம்பைக் கண்டு ‘யாரோ வளர்த்த பால் பைத்தான்’ என்று கையில் எடுக்கத் துணிவது உயிருக்கு ஆபத்து. கண்ணாடி விரியனும் பழுப்பு நிறம், பருத்த உடல், திட்டுக் கோலம் உடையதுதான். விலகி நின்று வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.

தங்கள் செய்தியாளர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. பறிமுதல் செய்தியில் ‘அரிய வகை’ என்பதற்குப் பதில் இனத்தின் பெயரையும் எண்ணிக்கையையும் எந்த நிலையில் மீட்கப்பட்டன என்பதையும் எழுதுங்கள். ‘சந்தை மதிப்பு பல லட்சம்’ என்ற வரியை விட்டுவிடுங்கள். மண்ணுளிப் பாம்புக்குக் கோடி ரூபாய் விலை என்ற வதந்தி நம் மாநிலத்தில் எத்தனை பாம்புகளைச் சாக்குப்பைக்குள் தள்ளியது என்பதைத் தங்கள் பழைய இதழ்களே சொல்லும்.

இப்படிக்கு,
ஊர்வன வளர்ப்பும் மரபியலும் அறிந்த ஒரு வாசகர்,
சென்னை.